ஈரம் அளவாக இருக்கட்டும்

கொஸ்லந்தத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி கொத்தும்போது, சிலவேளை மண்ணுக்குள் வெள்ளை முட்டைகள் தென்படும். பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் ஓணானின் முட்டைகளாக இருக்கலாம், பாம்பினதாகவும் இருக்கலாம். எதுவெனத் தெரியாவிட்டால் தொடாமல் மண்ணால் மூடிவிடுங்கள்.

ஓணான் குழிபறித்து முட்டையிட்டதை நீங்களே கண்டிருந்து, அவ்விடத்தைக் கொத்தியே ஆகவேண்டுமானால் மட்டும் இடம் மாற்றலாம். கோழி முட்டையைப்போல் இவற்றைப் புரட்டக் கூடாது. உள்ளே ஒட்டி வளரும் கரு இறந்துவிடக்கூடும். மேற்பக்கத்தில் பென்சிலால் புள்ளியிட்டு, அதே நிலையில் எடுத்து வையுங்கள்.

இவற்றின் ஓடு மெல்லிய தோல் போன்றது. மண்ணின் ஈரத்தை உறிஞ்சியே முட்டை பருக்கும். மண் காய்ந்தால் முட்டை சுருங்கும். சேறானால் மூச்சு முட்டும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே உரம், சாம்பல் கலவாத மணற்பாங்கான மண்ணோ, கழுவிய தும்புச்சோறோ போதும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும். நீர் சொட்டக் கூடாது. காய்ந்தால், முட்டையில் படாமல் ஓரமாகத் தெளியுங்கள். சுவரிடுக்கில் காணும் பல்லி முட்டையின் ஓடு கடினமானது. அதற்கு ஈரம் வேண்டாம்.

தென்கரையின் ரெக்கவையில் 1996இல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்புத் திட்டம், முட்டைகளைத் தோண்டாமல், இட்ட இடத்திலேயே காவல் காத்தது. சகோதரிகளே, தாய் தேர்ந்த இடமே முதல் தெரிவு. நம் கை இரண்டாவதுதான்.