மழையை அளந்து பார்க்கும் விதைகள்

"கலிஃபோர்னியாவில் பாலைவனமே பூத்துக் கிடக்கிறதாம். என் தங்கை குடும்பத்தோடு பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. அவர்களை எங்கே கூட்டிப்போக?" என்று கேட்கிறார் ராஜபாளையம் வாசகி ஒருவர்.

இப்படிப் பரவும் பாலைவனப் பூப்புப் படங்களை அப்படியே நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில் பெரும்பூப்பு என்று பேர்பெற்றவை 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. செல்போனிலோ ஆண்டுதோறும் ஒரு 'வரலாறு காணாத' பூப்பு வந்துவிடுகிறது, நிறத்தைக் கூட்டிவைத்த படங்களோடு. 2019இல் அதே மாநிலத்தின் லேக் எல்சினோர் நகரத்தை ஒட்டிய வாக்கர் கேன்யனில் கூடிய கூட்டம் செடிகளை மிதித்துத் துவைத்தது. 2023இல் பூப்பு வந்தபோது அந்த நகரம் யாரையும் உள்ளே விடவில்லை.

பூவைவிட, அதற்கு முன்னால் மண்ணுக்குள் நடப்பதுதான் பெரிய அதிசயம். ஒரு தூறலை நம்பி முளைத்த செடி நான்கே நாள் வெயிலில் கருகிவிடும். அதனால் பாலைவன விதைகள் பலவற்றின் தோலில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. லேசான மழை அதை அசைக்காது. சுமார் 25 மி.மீ. கொட்டினால்தான் அது கரைந்து கீழே இறங்கும், விதை முளைக்கும். 1940களில் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் இதைச் சோதித்தார். மேலிருந்து மழைபோல் ஊற்றினால் முளைத்தன. அடியிலிருந்து தண்ணீரை ஊறவிட்டால், மண் நன்றாக நனைந்தும் விதைகள் அசையவில்லை. எல்லா இனத்துக்கும் இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த 25 மி.மீ. நம் கரிசல் சம்சாரிக்கும் தெரிந்த கணக்கு. மானாவாரியில் பருத்தியையும் சோளத்தையும் பருவமழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கிறார்கள். தூறல் மேல்மண்ணோடு நின்றுவிடும். ஒரு நல்ல மழை பெய்தால்தான் ஈரம் விதைவரை இறங்கும். பாலைவனச் செடி வேதிப்பொருளால் செய்வதை இவர்கள் ஆழத்தால் செய்கிறார்கள்.

பாலைவனத்தில் நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் முளைப்பதில்லை. குடும்பத் தலைவி பணத்தைப் பிரித்து வைக்கும் முறை இது. அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம், அரிசிப் பானையில் கொஞ்சம், பட்டுச்சேலை மடிப்பில் கொஞ்சம். போனஸ் வந்த மாதத்திலும் மூன்றையும் காலி செய்யமாட்டாள். அஞ்சறைப் பெட்டி மாதக் கடைசிக்கு, அரிசிப் பானை திடீர்க் காய்ச்சலுக்கு, சேலை மடிப்பு மகள் கல்யாணத்துக்கு. கணவனின் வேலை எவ்வளவு நிச்சயமில்லாததோ அவ்வளவு பணம் மடிப்புக்குள் போகும். நெடுநாள் கிடந்தால் நோட்டே செல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. விதையும் அப்படியே: அதிகம் காத்தால் உள்ளே கரு செத்துவிடும். மழை பொய்க்கும் வாய்ப்பு கூடக்கூட, ஓர் ஆண்டில் முளைக்க வேண்டிய பங்கு குறையும் என்று 1966இல் உயிரியலாளர் டான் கோஹன் கணக்குப் போட்டுக் காட்டினார். அரிசோனாவின் டூசான் நகரத்தில் சூழலியலாளர் லாரன்ஸ் வெனபிள் 1982 முதல் ஆண்டு தவறாமல் முளைகளை எண்ணி, அந்தக் கணக்கு மண்ணிலும் நிற்பதைக் கண்டார்.

விதைகள் எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1879இல் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் 20 குப்பிகளில் விதைகளைப் புதைத்தார். 2021இல் தோண்டிய குப்பியிலும் சில முளைத்தன.

முளைக்காமல் காத்திருக்கும் விதைகள் உங்கள் சமையலறையிலும் உண்டு. பாசிப்பயறை ஊறவைத்தால் சில பயறு மட்டும் கல்லாகவே கிடக்கும். தண்ணீர் புகாத தோல்தான் காரணம். கொழுஞ்சி விதையும் அப்படித்தான். பசுந்தாள் உரத்துக்கு விதைப்பவர்கள் அதை மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்கிறார்கள். வயலில் அந்த வேலையைக் கோடை செய்கிறது: பகல் சூடும் இரவுத் தணிவும் மாறி மாறித் தாக்க, விதைத்தோல் மெல்ல இளகுகிறது. கோடையில் வெடிக்கும் கரிசல் தன் பிளவுகளில் விதைகளை வாங்கி வைத்துக்கொள்கிறது.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். டெத் வேலியின் ஆண்டு மழை சுமார் 50 மி.மீ.தான்; உங்கள் விருதுநகர் மாவட்டத்தில் 800ஐ ஒட்டி. நம்முடையது பாலைவனம் இல்லை, ஆனால் நீண்ட வறட்சி உண்டு. அவர்களுக்குக் குளிர்கால மழை, அதனால் மார்ச்சில் பூ. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை, அதனால் மார்கழியில் பூ. மே லீவை விட்டுவிட்டு அரையாண்டு விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டாள் கோயிலுக்குப் போகிற அன்றே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே கண்மாய்க் கரையில் நடக்கலாம். தும்பை, கொழுஞ்சி, நெருஞ்சி, ஆவாரை எல்லாம் கண்ணில் படும். விஷ்ணுகிரந்தியின் நீலப் பூவைப் பார்க்கக் காலையிலேயே போங்கள், பிற்பகலில் மூடிவிடும். வேலியில் செங்காந்தள் இருந்தால் பிள்ளைகள் தொடாமல் பார்க்கட்டும். செடி முழுக்க நஞ்சு. செண்பகத்தோப்பை அடுத்த காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள், 2021 முதல் அது புலிகள் காப்பகம்.

மே மாதத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலியோரத்து மேல்மண்ணை அள்ளி, அடியில் துளையிட்ட இரண்டு தட்டுகளில் பரப்புங்கள். ஒன்றுக்குப் பூவாளியால் மேலிருந்து ஊற்றுங்கள். மற்றதைத் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் வையுங்கள். இரண்டிலும் தலைகாட்டும் முளைகளைப் பிள்ளைகள் தினமும் எண்ணி எழுதட்டும். எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்கள். இரண்டு தட்டும் ஒன்றுபோலவே முளைத்தால் அதையும் எழுதுங்கள்.