ரவுட்டருக்குள் இருந்த லினக்ஸ்

நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனாக்களை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. மறுவருடம் லிங்க்சிஸையே சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. கூடவே ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று நிரலாளர்கள் துருவிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

லினக்ஸைப் போட்டு விற்றதில் தவறே இல்லை. அதன் உரிமமான ஜிபிஎல் கேட்பது வேறு: யாருக்குக் கொடுத்தாலும் மூலநிரலையும் கொடு, திருத்தவும் பகிரவும் உனக்குள்ள அதே உரிமை அவருக்கும் உண்டு. 1989-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய இந்தக் காப்பிலெஃப்ட் உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை, அதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நிபந்தனையை மீறினால் அனுமதி போய்விடும். பிறகு விநியோகிப்பதே சட்டமீறல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1992-ல் லினக்ஸை இதன்கீழ் கொண்டுவந்தார்.

இந்த நிபந்தனையைக் காட்டி நிரலாளர்கள் கேட்க, 2003-லேயே ரவுட்டரின் நிரல் வெளியானது. முழுதாக அல்ல, சிப் நிறுவனமான பிராட்காமின் வைஃபை டிரைவர் மூடியேதான் கிடந்தது. வந்தவரை போதும் என்று எடுத்துக்கொண்டவர்கள் 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ரவுட்டர் மென்பொருளைத் தொடங்கினார்கள். கடையில் வாங்கி வந்தவர்களே தயாரிப்பாளர் கொடுக்காத வசதிகளையெல்லாம் அந்தப் பெட்டியில் எழுதிச் சேர்த்தார்கள். பிஎஸ்டி வகை உரிமமாக இருந்திருந்தால் நிரலைப் பூட்டிவைத்திருக்கலாம், கேட்க ஆளிருந்திருக்காது. கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்றால் அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2005-ல் செலவைக் குறைக்க, ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாக்கி லினக்ஸையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் லினக்ஸ் ஓடும் பழைய வன்பொருளுக்கு ஆளிருந்தது. அதையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாகப் போட்டு, பத்தாண்டுக்கு மேல் விற்றார்கள். நிரலைத் திறந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

உரிமம் எழுதிவைத்தால் மட்டும் போதாது, தட்டிக் கேட்கவும் ஆள் வேண்டும். லினக்ஸில் உள்ள தன் நெட்ஃபில்டர் நிரலுக்காக நிரலாளர் ஹரால்ட் வெல்டே 2004-ல் சைட்காம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஜிபிஎல் செல்லும் என்றது மியூனிக் நீதிமன்றம். சிஸ்கோவின் லிங்க்சிஸ் தயாரிப்புகளில் மீறல் தொடர்வதாகச் சொல்லி, ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் 2008 டிசம்பரில் நீதிமன்றம் போனது. 2009 மே மாதம் சமரசம். அறக்கட்டளைக்கு ஒரு தொகை தர சிஸ்கோ ஒப்புக்கொண்டது, உரிம விவகாரங்களைக் கவனிக்க லிங்க்சிஸில் தனி இயக்குநரை நியமிக்கவும் சம்மதித்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு நிபந்தனை: ஏற்கெனவே லிங்க்சிஸ் கருவிகளை வாங்கிப்போனவர்களுக்கும் ஜிபிஎல் தரும் உரிமைகள் உண்டு என்று சிஸ்கோவே தெரியப்படுத்த வேண்டும்.