ஆட்டிசத்துக்குப் பிரசவம்தான் காரணமா?

குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு பிரசவத்துக்குப் போய்விடும். சிசேரியன் செய்ததாலா? பிறந்தவுடன் அழாததாலா? கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று பயந்த ஊரில், அந்தக் கொடி மீது இப்போது இந்தச் சந்தேகமும் விழுகிறது. யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் தாய்தான்.

சந்தேகம் முழுக்க வெறும் கற்பனையல்ல. 2011இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த தொகுப்பாய்வு, 40 ஆய்வுகளைத் திரட்டி, பிரசவத்தையும் பிறந்த முதல் நாட்களையும் சேர்ந்த 60க்கும் மேற்பட்ட காரணிகளை அலசியது. எடைக்குறைவு, இரட்டைக் குழந்தைகள், தாய்க்கு ரத்தப்போக்கு, கொடிச் சிக்கல், மஞ்சள் காமாலை போன்றவற்றோடு ஆட்டிசத்துக்குத் தொடர்பு தென்பட்டது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தோடும் நாள் கடந்த பிரசவத்தோடும் தென்படவில்லை. ஆனாலும் எந்த ஒன்றையும் தனியே காரணம் என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றே ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது சிசேரியன் விஷயத்தில் நன்றாகத் தெரிகிறது. ஸ்வீடனில் சுமார் 27 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆட்டிசம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பிறகு ஒரே தாய்க்குச் சுகப்பிரசவத்திலும் சிசேரியனிலும் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கத்தி காரணமல்ல, அந்தக் குடும்பத்தின் மரபணுவோ சூழலோதான் இரண்டுக்கும் பின்னால் இருந்திருக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியனாக நடக்கும் தமிழ்நாட்டில், இதை ஒவ்வொரு தாயின் காதிலும் போட வேண்டும்.

குறைப்பிரசவத்தின் கதை வேறு. ஸ்வீடனிலேயே 40 லட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், 22 முதல் 27 வாரங்களுக்குள் பிறந்தவர்களில் 6.1 சதவீதம் பேருக்கும், நிறைமாதத்தில் பிறந்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்கும் ஆட்டிசம் இருந்தது. உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோதும் இந்தத் தொடர்பு பெருமளவு நின்றது. முதிராத மூளை வெளியுலகை முன்கூட்டியே சந்திப்பது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். அப்படியும், மிக முன்னதாகப் பிறந்த நூறு பேரில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஆட்டிசம் இல்லை.

ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு சுமார் 80 சதவீதம் என்று ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2019இல் கணித்தது. கருவிலேயே வளர்ச்சி வேறுபட்ட குழந்தைக்குப் பிரசவமும் சிரமமாக அமையலாம். அங்கே கடினமான பிரசவம் காரணமல்ல, விளைவு.

தடுக்கக் கூடியவையும் உண்டு. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்கு ஆட்டிச அபாயத்தைக் கூட்டுகிறது. ஆகவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு மாற்று மருந்துக்கு மாறலாம். தானாக நிறுத்துவது ஆபத்து. கர்ப்பத்தில் ரூபெல்லா தொற்றினாலும் அபாயம் கூடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தையைத் தொடர் பரிசோதனைக்குக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாவிட்டால், 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்' என்று காத்திருக்க வேண்டாம். உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சி தரும் மையங்கள் அரசு மருத்துவமனைகளிலும் இயங்குகின்றன.