சின்ன லீவரின் நியூட்ரல்

லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் ஓடும் பழைய ஃபோர் வீல் வண்டி. கியர் பெட்டியின் சக்தியை அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றி பேரிங் மாற்றித் திரும்பப் பூட்டியதிலிருந்து, மேடு ஏறும்போது அதன் ஹை, லோ நிலைகளை மாற்றும் சின்ன லீவர் தானாக நழுவுகிறதாம். கியர் பல் தேய்ந்துவிட்டதா என்று கேட்கிறார்.

பல்லைப் பழிக்கும் முன் லிங்கேஜை, அதாவது லீவரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இணைக்கும் கம்பியைப் பாருங்கள். லீவர் தரைத்தகட்டில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியோ சேசிஸில் ரப்பர் மவுண்டுகளில் தொங்குகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பெட்டி சற்றே முறுக்கிக்கொள்ளும். ரப்பர் செத்திருந்தால் அந்த முறுக்கே கம்பியை இழுத்துவிடும். அதனால் முதலில் செத்த ரப்பரை மாற்றி மவுண்டுகளை இறுக்க வேண்டும். அளவு வைப்பது அதற்குப் பிறகுதான். பெட்டியில் உள்ள தண்டைக் கையால் தள்ளி, ‘டக்’கென்று உட்கார வையுங்கள். லீவரையும் அதே நிலையில் வைத்து, கம்பியை மாட்டும் இணைப்பு ‘பின்’ விரலால் தள்ளினாலே உள்ளே போகும்வரை கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். சுத்தியல் கேட்டால் அளவு தப்பு. கம்பி மூட்டிலுள்ள புஷ் ஆடினால் புதிது போடுங்கள்.

எனக்குப் பிடித்த விசித்திரம் ஹைக்கும் லோவுக்கும் நடுவே இருக்கும் நியூட்ரல். 1948இல் வந்த லேண்ட் ரோவர் விவசாயிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினால் ரம்பமும் பம்பும் ஓட வேண்டும். அப்போது சக்கரங்களுக்குச் சக்தி போகக்கூடாது. அதற்கு உதவியது இந்த நியூட்ரல்.

ஆபத்தும் அதில்தான். லீவர் அங்கே நழுவினால் கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. சரிவில் முதல் கியரில் விட்டாலும், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை ‘பி’யில் விட்டாலும் உருளும். எங்கள் லயத்து வீட்டுத் தாழ்ப்பாள் பாதிதான் விழும். பார்த்தால் பூட்டிய கதவு, காற்றடித்தால் திறந்துகொள்ளும். அளவு தவறிய லிங்கேஜும் அப்படித்தான்.

பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட்பிரேக் டிரம்மை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாலேயே வைத்தார்கள். நியூட்ரலில் நழுவினாலும் அது பிடிக்கும். ஆனால் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு வண்டியை நகரவிட்டுவிடும். அப்போது மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும்.

நம் தோட்டங்களிலோ ஹேண்ட்பிரேக் செத்த வண்டிக்குச் சக்கரத்தடியில் ஒரு கல் போட்டுவிட்டு, பின்னால் ஆட்களை ஏற்றுகிறோம்.  ஒரு புஷ்ஷின் விலைக்கு மனித உயிரைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

வாசகரே, லிங்கேஜைச் சரிசெய்ததும் ஹேண்ட்பிரேக்கையும் சரிவில் நிறுத்திச் சோதியுங்கள். அது தனியாக வண்டியைப் பிடிக்கும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.