கரடுமுரடான சாலைகளுக்கு எஸ்யூவி சக்கர, டயர் அளவைத் தேர்ந்தெடுத்தல்

எஸ்யூவி வகை வாகனங்களுக்குச் சக்கரம், டயர் ஆகியவற்றின் அளவைத் தேர்ந்தெடுப்பது என்பது ரிம்மின் விட்டம், டயரின் அகலம், அதன் பக்கச்சுவரின் உயரம், தாங்கும் எடை ஆகிய நான்கையும் ஓடப்போகும் சாலைக்கு ஏற்பப் பொருத்துவதாகும். இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். காட்சிக் கூடத்தில் கண்ணைக் கவர்வது ரிம்மின் விட்டம். குண்டும் குழியுமான சாலையில் வாகனத்தைக் காப்பதோ பெரும்பாலும் பக்கச்சுவரின் உயரம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி இதை விளக்க ஏற்ற இடம். அப்போலோ நிறுவனத்தின் ஒரகடம் டயர் ஆலை 2010இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜேகே டயர், சியட் நிறுவனங்களின் ஆலைகளும் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் உள்ளன. ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. ஹூண்டாய் கிரெட்டா அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிறது. வாகனங்களைச் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு, 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்கருவிகள் கிடைத்ததால் செய்திகளில் இடம்பெற்ற ஊர். இத்தகைய ஊர்களிலிருந்து வேலைக்குச் செல்வோர் ஒரே பயணத்தில் நான்குவழிச் சாலை, கன்டெய்னர் லாரிகள் ஓடும் தொழிற்பேட்டைச் சாலை, ஜல்லி பெயர்ந்த ஊர்ச்சாலை மூன்றையும் கடக்க வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளம் எது, வெறும் தேங்கிய நீர் எது என்று தெரியாது. ஒரே டயர் இவை எல்லாவற்றுக்கும் ஈடு கொடுத்தாக வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன

டயரின் பக்கத்தில் 215/65 ஆர்16 98எச் என்று பொறித்திருந்தால், 215 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 215இல் 65 விழுக்காடு 139.75 மி.மீ. ஆர் என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 98 என்பது எடைக் குறியீடு. உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 750 கிலோ வரை தாங்கும் என்பது இதன் பொருள். எச் என்ற எழுத்து மணிக்கு 210 கி.மீ. வரையிலான வேகத் தகுதியைச் சொல்கிறது.

மொத்த விட்டத்தைக் கண்டுபிடிக்க, ரிம்மின் விட்டத்தை 25.4ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தின் இரு மடங்கைக் கூட்ட வேண்டும். மேற்கண்ட டயருக்கு 406.4 + 279.5 = 685.9 மி.மீ. 2012இல் இந்தியாவில் அறிமுகமாகி, ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் இந்த அளவில்தான் வந்தது. பள்ளங்களில் அது அலுங்காமல் போகும் என்ற பெயருக்கு அதன் சஸ்பென்ஷனே முதற்காரணம். ஏறத்தாழ 140 மி.மீ. உயரமுள்ள பக்கச்சுவருக்கும் அதில் பங்கு உண்டு.

பக்கச்சுவர் ஏன் முக்கியம்

வேகமாகச் செல்லும் சக்கரம் பள்ளத்தில் இறங்கி அதன் கூரிய எதிர் விளிம்பில் மோதும்போது, டயர் அந்த இடத்தில் நசுங்குகிறது. நசுங்க இடம் போதாவிட்டால், சாலையின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் இடையில் ரப்பர் சிக்கிக்கொள்கிறது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, அந்த இடம் கொப்புளம் போல வீங்குகிறது. அந்த வீக்கத்துக்குப் பழுதுநீக்கம் கிடையாது. பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்டு ஓட்டினால், நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடிக்கக்கூடும். அடி இன்னும் பலமாக இருந்தால் ரிம் வளையும் அல்லது விரிசல் விடும்.

மறைமலைநகரில் உருவான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வாகனம் 195/65 ஆர்15, 205/60 ஆர்16, பிற்காலத்தில் உயர்விலை வகைகளில் 205/50 ஆர்17 என மூன்று அளவுகளில் விற்கப்பட்டது. இவற்றின் பக்கச்சுவர்கள் முறையே 126.75, 123, 102.5 மி.மீ. ரிம்மின் உதடு ஏறத்தாழ 17.5 மி.மீ. உயரம் கொண்டது. அதைக் கழித்தால் நசுங்கக் கிடைக்கும் இடம் 15 அங்குலச் சக்கரத்தில் 109 மி.மீ., 17 அங்குலத்தில் 85 மி.மீ. வாகனத்தின் எடையால் டயர் ஏற்கெனவே சற்று அமுங்கியிருப்பதையும் கணக்கில் கொண்டால், மீதமுள்ள இடம் இன்னும் குறைவு. அதிக விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது பள்ளத்தைக் குறைவாகத் தாங்கும் சக்கரம். சீரான சாலையில் வளைவுகளில் அது உறுதியாக நிற்கும் என்பதும் உண்மை. அந்தப் பயன் ஊர்ச்சாலையில் கிடைப்பதில்லை.

ரிம் பெரிதானாலே டயர் மோசம் என்று முடிவுகட்டவும் முடியாது. 2020இல் வந்த மகிந்திரா தார் வண்டியின் ஒரு வகையில் 245/75 ஆர்16, மற்றொன்றில் 255/65 ஆர்18 டயர்கள். பின்னதில் ரிம் 18 அங்குலமாக இருந்தும் பக்கச்சுவர் 165 மி.மீட்டருக்கு மேல். சக்கரக் கூடு பெரியதாக வடிவமைக்கப்பட்டதால் மொத்த விட்டமும் 788.7 மி.மீ. ஆகக் கூடியிருக்கிறது. ஆக, பார்க்க வேண்டியது ரிம்மின் அங்குலத்தை அன்று, ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் எத்தனை மி.மீ. ரப்பர் நிற்கிறது என்பதை.

அளவை மாற்றும்போது

டஸ்டர் வைத்திருப்பவர் தோற்றத்துக்காக 18 அங்குல அலாய் வீல் போட விரும்புகிறார் என்று கொள்வோம். விட்டம் மாறாமலிருக்க 225/50 ஆர்18 பொருந்தும். மொத்த விட்டம் 682.2 மி.மீ., வேறுபாடு அரை விழுக்காடுதான். கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் பக்கச்சுவர் 139.75 மி.மீட்டரிலிருந்து 112.5 ஆகிவிட்டது. இந்த அளவில் பரவலாகக் கிடைக்கும் டயரின் எடைக் குறியீடு 95, அதாவது 690 கிலோ. டயர் ஒன்றுக்கு 60 கிலோ, நான்குக்கும் சேர்த்து 240 கிலோ தாங்குதிறன் குறைகிறது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாகக் குழியில் இறங்கும்போது இந்தக் குறைவு சிறியதன்று. கடைக்காரர் விட்டத்தை மட்டும் ஒப்பிட்டுக் காட்டினால், எடைக் குறியீட்டையும் கேட்பது நல்லது. வாகனத்துடன் வந்த டயரின் குறியீட்டைவிடக் குறைவானதை ஏற்கக் கூடாது.

எதிர்த்திசையில் செய்வதே கரடுமுரடான சாலைக்குப் பொருத்தம். கிரெட்டாவின் தொடக்க வகைகளில் 205/65 ஆர்16, உயர் வகைகளில் 215/60 ஆர்17 டயர்கள் வந்தன. 17 அங்குலச் சக்கரத்தின் மொத்த விட்டம் 689.8 மி.மீ. அதற்குப் பதிலாக 16 அங்குல ரிம்மில் 215/65 டயர் போட்டால் விட்டம் 685.9 மி.மீ., வேகமானியில் ஏற்படும் மாற்றம் 0.6 விழுக்காடு மட்டுமே. பக்கச்சுவரோ 129இலிருந்து 139.75 மி.மீ. ஆக உயர்கிறது. 16 அங்குல டயர்கள் பொதுவாக விலையும் குறைவு, சிற்றூர்களில் எளிதில் கிடைக்கவும் செய்யும். சிறிய ரிம்மைப் போடுமுன் அது பிரேக் காலிப்பரில் உரசுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

தரை இடைவெளியைக் கூட்டுவதற்காக மிகப் பெரிய டயர் போடுவோரும் உண்டு. விட்டம் கூடும் அளவில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும். 205/65 ஆர்16க்குப் பதில் 215/65 ஆர்16 போட்டால் விட்டம் 13 மி.மீ. கூடுகிறது, வாகனம் உயர்வது 6.5 மி.மீ. அதே வேளையில் வேகமானி 100 காட்டும்போது சக்கரம் முன்னைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு அதிக தொலைவு உருளும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதே விதி. எனவே மொத்த விட்டத்தில் 2 விழுக்காட்டுக்குள் நிற்பது பொதுவான நடைமுறை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, ஆட்களை ஏற்றிய நிலையில் டயர் உள் மறைப்பில் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மழைக்காலத்தில் அப்பும் சேற்றுக்கும் இடைவெளி தேவை.

ரிம் பொருந்துவதில் இன்னொரு நுணுக்கம். டஸ்டர், கிரெட்டா இரண்டிலும் ஐந்து போல்ட்டுகள் 114.3 மி.மீ. வட்டத்தில் அமைந்துள்ளன. ஆகவே ஒன்றின் ரிம் மற்றதற்குச் சேரும் என்று பழைய ரிம் விற்போர் சொல்லக்கூடும். ஆனால் நடுத்துளை டஸ்டரில் 66.1 மி.மீ., கிரெட்டாவில் 67.1 மி.மீ. டஸ்டரின் ரிம் கிரெட்டாவின் அச்சில் உட்காராது. கிரெட்டாவின் ரிம்மை டஸ்டரில் மாட்ட முடியும். அப்போது நடுவில் விழும் இடைவெளியை நிரப்ப வளையம் போடாவிட்டால், சக்கரம் மையம் தவறி அதிர வாய்ப்பு உண்டு. ஆஃப்செட் எனப்படும் உள்வாங்கல் அளவு மாறினால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங் சீக்கிரம் தேயும்.

அகலமும் தண்ணீரும்

அகலமான டயர் பிடிமானம் தரும் என்ற நம்பிக்கை வறண்ட தார்ச்சாலைக்குப் பெரிதும் சரி. தேங்கிய நீரில் நிலைமை மாறும். டயர் தண்ணீரைப் பிளந்து வெளியேற்ற முடியாதபோது நீரின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. அகலம் கூடினால் வெளியேற்ற வேண்டிய நீரும் கூடும். விமானச் சக்கரங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் 1960களில் வகுத்த சூத்திரப்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 96 கி.மீ., 25 பிஎஸ்ஐயில் 83 கி.மீ. காருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. நீரின் ஆழமும் டயரின் தேய்மானமும் அவற்றை மாற்றும். காற்று குறைந்தால் ஆபத்து முன்னதாகவே வரும் என்பது மட்டும் தெளிவு.

மோசமான சாலையில் குலுக்கலைக் குறைக்கக் காற்றை இறக்கி ஓட்டும் பழக்கம் இதனாலேயே தவறு. காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் ரிம் வரை எளிதில் நசுங்கும். மணலில் மெதுவாகச் செல்லும்போது காற்றை இறக்குவது வேறு. தார்ச்சாலைக்கு வந்தவுடன் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். அழுத்தத்தை ஓட்டத் தொடங்குமுன், டயர் சூடாகாத நிலையில் பார்ப்பதே முறை. ஓடிச் சூடானபின் கூடியிருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை அது குறைவாகவே இருக்கும்.

ரிம்மின் உலோகமும் டயரின் இனமும்

இரும்பு ரிம் பலத்த அடியில் வளையும், பெண்டு எடுத்து மீண்டும் ஓட்டலாம். வார்ப்பு அலாய் ரிம் அழகாகவும், பல வேளைகளில் எடை குறைவாகவும் இருக்கும். அடி தாங்காதபோது அது விரிசல் விடக்கூடும். விரிசலை வெல்டிங் செய்து ஓட்டுவது பாதுகாப்பானதன்று. ஜல்லிச் சாலையிலேயே பெரும்பாலும் ஓடும் வாகனத்துக்கு இரும்பு ரிம் கௌரவக் குறைச்சல் அன்று.

சாலைக்கான எச்/டி, இரு வகைத் தரைக்குமான ஏ/டி, சேற்றுக்கான எம்/டி என எஸ்யூவி டயர்கள் பிரிக்கப்படுகின்றன. ஏ/டி டயரின் கட்டைகள் பெரியவை, பள்ளங்கள் ஆழமானவை. கல் கிழிப்பதை அது கூடுதலாகத் தாங்கும். ஈடாக இரைச்சல் கூடும், எரிபொருள் சற்று அதிகம் செலவாகும், நனைந்த தார்ச்சாலையில் சில டயர்களின் பிரேக் பிடிமானம் குறையும். நாளில் சில கி.மீ. மட்டும் மண்பாதையும் மீதி தார்ச்சாலையுமாக ஓடுபவருக்கு உயரமான பக்கச்சுவர் உள்ள எச்/டி டயரே போதும். எம்/டி டயர் ஒரகடம் போன்ற பகுதிக்குத் தேவையற்றது.

சட்டமும் உதிரிச் சக்கரமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அந்த மாடலின் ஏதேனும் ஒரு வகைக்கு உற்பத்தியாளரே தந்த அளவைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் குறைவு. ஓட்டுநர் பக்கக் கதவின் அருகிலுள்ள ஒட்டியிலோ பயனர் கையேட்டிலோ அந்த அளவுகளும் காற்றழுத்தமும் இருக்கும். கார்களுக்கு டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தினுள் உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு ரப்பர் தேய்ந்துவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது.

17 அங்குலச் சக்கரங்களுடன் விற்கப்படும் சில எஸ்யூவிகளில் உதிரிச் சக்கரம் 16 அங்குலமாக இருக்கும். 2020இல் வந்த விதித் திருத்தம், காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் உதிரிச் சக்கரமே இல்லாமலும் கார்களை விற்க வழிவிட்டது. ஆணி ஏறிய டயரை அந்தப் பெட்டி காப்பாற்றும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. மோசமான சாலையில் கிழிவது பெரும்பாலும் பக்கச்சுவர்தான் என்பதால், முழு அளவு உதிரிச் சக்கரம் உள்ள வகையைக் கேட்டு வாங்குவது பயன் தரும். உதிரியின் வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கிலக்கக் குறியில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் உருவானது. ஒரு தடவைகூட ஓடாமல் டிக்கியில் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும்.