அதன்பின் தகவல் இல்லை

1807 ஜனவரி 12 அன்று மதராஸ் கடலிலிருந்து மூன்று கப்பல்கள் நங்கூரம் தூக்கின. பெரியது பிளென்ஹைம், 74 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். கூடவே ஜாவா என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல், ஹாரியர் என்ற சிறு கப்பல். மூன்றும் போக வேண்டிய இடம் ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள நன்னம்பிக்கை முனை. போய்ச் சேர்ந்தது ஒன்றுதான், அதுவும் மூன்றிலும் சிறியது.

அன்றைய மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே, அலை உடையும் இடத்தைத் தாண்டி, திறந்த கடலிலேயே கப்பல்கள் நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே மசூலாப் படகில்தான் போய்வர வேண்டும். அந்தப் படகில் ஓர் ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். நீர் கசியத்தான் செய்யும், அதை இறைத்துக்கொண்டே போவார்கள். உடுப்பெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டு கப்பலேறிய துரைமார்களும் துரைசாணிகளும், கரையைக் கடந்தாயிற்று, இனிப் பயமில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பிளென்ஹைமில் கொடி பறக்கவிட்டிருந்தவர் ரியர் அட்மிரல் சர் தாமஸ் ட்ரௌபிரிட்ஜ். சிறுவனாகக் கடற்படையில் சேர்ந்தபோது சீஹார்ஸ் என்ற கப்பலில் அவருடன் வந்த இன்னொரு சிறுவன் நெல்சன். பின்னாளில் இருவரும் பெரிய தளபதிகள் ஆனார்கள். ஆனால் ட்ரௌபிரிட்ஜுக்குக் கப்பல் விஷயத்தில் ஒரு தீராத கண்டம் உண்டு. 1798-ல் நைல் நதிமுகத்தில் நெல்சன் பிரெஞ்சுக் கடற்படையை நொறுக்கிய அந்த இரவில், ட்ரௌபிரிட்ஜின் கல்லோடன் கப்பல் திட்டில் தரைதட்டி நின்றுவிட்டது. சண்டை முழுவதையும் அவர் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

கிழக்கிந்தியக் கடலுக்கு அவர் வந்த கதையும் சுமுகமானதல்ல. ஏற்கெனவே இங்கே தலைமை வகித்துக்கொண்டிருந்த சர் எட்வர்ட் பெல்யூவின் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை ட்ரௌபிரிட்ஜுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரே கடலுக்கு இரண்டு அட்மிரல்கள் என்றால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. கடைசியில் லண்டன் தன் தவறை உணர்ந்து முழுப் பொறுப்பையும் பெல்யூவிடமே விட்டது. ட்ரௌபிரிட்ஜுக்கு நன்னம்பிக்கை முனை கிடைத்தது.

அங்கே போகத்தான் இந்தப் பயணம். பிளென்ஹைமோ 1761-ல் நீரில் இறங்கிய கிழட்டுக் கப்பல். மலாக்கா ஜலசந்தியில் தரைதட்டியதில் ஏரா என்னும் அடிமரம் வளைந்து போயிருந்தது. மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ கப்பலுக்கு ஏரா அப்படி. அது போனால் பக்கப் பலகைகளின் இணைப்புகள் ஒவ்வொன்றும் தளர்ந்து கசியும். அமைதியான கடலிலேயே பம்பு அடித்துக்கொண்டிருந்தால்தான் கப்பல் மிதக்கும் என்ற நிலை. அதன் கேப்டன் ஆஸ்டின் பிஸ்ஸெல் இந்த நிலையில் புறப்படுவது ஆபத்து என்று எடுத்துச் சொன்னார். ட்ரௌபிரிட்ஜ் கேட்கவில்லை. தன் கடலனுபவத்தின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. ஜாவாவும் சொந்தமாகக் கட்டிய கப்பல் அல்ல. சில மாதங்களுக்கு முன்புதான் பட்டேவியா அருகே டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது.

பிப்ரவரி 1-ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலில் ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, காற்று ஏறியது. பிளென்ஹைமும் ஜாவாவும் ஆபத்துக் கொடி ஏற்றியிருந்ததை ஹாரியரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு மழையும் அலையும் நடுவில் திரை போட்டுவிட்டன. ஹாரியர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு அந்த மாதக் கடைசியில் முனையைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் வரும் வரும் என்று காத்திருந்ததுதான் மிச்சம்.

இரண்டு கப்பல்களிலுமாக 800-க்கு மேற்பட்டோர்.

ட்ரௌபிரிட்ஜின் மகனும் கடற்படைக் கேப்டன்தான். தகப்பனைத் தேடிவரும்படி பெல்யூ அவரையே அனுப்பினார். அவர் மொரீஷியஸ் வரை போனார். அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் கையில், பிரிட்டனின் பரம எதிரியிடம், இருந்தது. ஆனாலும் அங்கிருந்த கவர்னர் டெக்கான் தேடலுக்கு உதவினார். சண்டைக்காரன் வீடானாலும் எழவு விழுந்தால் எட்டிப்பார்ப்பதுபோல. எங்கு விசாரித்தும் உறுதியான தடயம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்படிக் காணாமல் போவது அன்றைக்கு அபூர்வம் அல்ல என்பதுதான் விசித்திரம். லண்டனில் லாயிட்ஸ் வெளியிட்ட கப்பல் செய்தித்தாளில் இன்ன ஊரிலிருந்து இன்ன தேதியில் புறப்பட்டது, அதன்பின் தகவல் இல்லை என்ற பொருளில் இரண்டு வரி வரும். மதராஸிலிருந்து எழுதிய கடிதம் இங்கிலாந்து சேர ஐந்தாறு மாதம் ஆகும் காலம் அது. ஆகவே ஒரு கப்பல் தாமதமாகிறதா, முழுகிவிட்டதா என்பதைத் தீர்மானிக்கவே ஒரு வருடம் ஓடிவிடும். அதற்கு அப்புறம்தான் இன்ஷூரன்ஸ், உயில், மறுமணம் எல்லாம்.

கோளாறு கப்பலில் மட்டும் இல்லை, நாள்காட்டியிலும் இருந்தது. மதராஸிலிருந்தோ இலங்கையின் காலியிலிருந்தோ ஐரோப்பாவுக்குக் கிளம்ப நல்ல காலம் தையும் மாசியும். வாடைக்காற்று பாயை நிரப்பித் தென்மேற்கே அழகாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றை நம்பிப் புறப்படும் கப்பல் மூன்று நான்கு வாரத்தில் மொரீஷியஸ் கடலுக்குள் நுழையும். நம் கடற்கரைக்கு ஐப்பசி, கார்த்திகை எப்படிப் புயல் காலமோ, பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள அந்தக் கடலுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை அப்படி. புறப்படும் இடத்தில் சகுனம் நன்றாக இருந்ததே, போகிற இடத்தில் கண்டமாக முடிந்தது. ஒதுங்க ஒரு துறைமுகம் அங்கே இருந்தும் எதிரியின் வசம் இருந்தது.

சரி, மதராஸிலேயே நின்றிருந்தால் பிழைத்திருப்பார்களா? 1811 மே 2, கத்திரி வெயில் தொடங்கும் சமயத்தில், மதராஸ் கடலை ஒரு புயல் தாக்கியது. டோவர் என்ற ஃபிரிகேட்டும் சிச்செஸ்டர் என்ற சரக்குக் கப்பலும் நங்கூரம் அறுந்து கரையில் மோதி நொறுங்கின. புயல் அறிகுறி தெரிந்தால் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே மதராஸ் கப்பற்காரர்களின் வழக்கம். கரை காப்பாற்றும் என்று நினைத்தவன் கெட்டான்.

பிளென்ஹைம் போன மறு வருடம், 1808 அக்டோபர் கடைசியில், மதராஸிலிருந்து கிளம்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கூட்டம் ஒன்று அதே தெற்குக் கடலில் நவம்பர் புயலில் சிக்கியது. லார்ட் நெல்சன், குளோரி, எக்ஸ்பெரிமென்ட் என மூன்று கப்பல்கள் போயின. 1809 பிப்ரவரியில் காலியிலிருந்து இன்னொரு கூட்டம் புறப்பட்டது. அதற்குக் காவலாகப் போனவர் வேறு யாருமல்ல, ஊர் திரும்பிக்கொண்டிருந்த பெல்யூ. அவர் ஏறியிருந்ததும் வேறு எதுவுமல்ல, நைல் போரில் ட்ரௌபிரிட்ஜைத் தரைதட்டி நிறுத்திய அதே கல்லோடன். மார்ச் நடுவில் புயல் அடித்தது. கல்லோடன் தப்பியது. கல்கத்தா, பெங்கால், லேடி ஜேன் டண்டாஸ், ஜேன் டச்சஸ் ஆஃப் கார்டன் என்ற நான்கு கம்பெனிக் கப்பல்கள் தப்பவில்லை. எங்கே, எந்த நாழிகையில் முழுகின என்று சொல்ல ஒருவர்கூட மிஞ்சவில்லை.

லேடி ஜேன் டண்டாஸில் ஊர் திரும்பியவர்களில் ஒருவர் ஹே மெக்டோவல், மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. 1803-ல் கண்டி ராஜ்ஜியத்தின் மேல் படையெடுத்துப் போன அதே மனிதர். மதராஸில் கவர்னர் ஜார்ஜ் பார்லோவுடன் முட்டிக்கொண்டு, ஜனவரிக் கடைசியில் கோபத்தோடு கப்பலேறியிருந்தார். அவர் மூட்டிவிட்டுப் போன தீ அவருக்குப் பின்னால் நன்றாகப் பற்றிக்கொண்டது. மதராஸ் ராணுவத்தின் வெள்ளைக்கார அதிகாரிகளே கவர்னருக்கு எதிராகக் கிளம்பினார்கள். மசூலிப்பட்டினம், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பரவிய அந்தக் கலகத்தை அடக்க, கல்கத்தாவிலிருந்து கவர்னர் ஜெனரல் மின்டோவே கிளம்பி வரவேண்டியதாயிற்று. தங்கள் தளபதிக்கு நேர்ந்த அவமானத்துக்காக அதிகாரிகள் கொதித்துக்கொண்டிருந்த கோடையில், தளபதி மார்ச் மாதமே கடலடியில் போய்விட்டிருந்தார்.

மெக்டோவலின் பெயரையாவது வரலாறு வைத்திருக்கிறது. கம்பெனிக் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளைப் போர்க்காலத்தில் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்பியவர்கள் லஸ்கர்கள், இந்தியக் கரையோரங்களிலிருந்து கூலிக்கு வந்த மாலுமிகள். புயலில் பாய்மரத்தின் உச்சியில் தொற்றிக்கொண்டு பாயைச் சுருட்டியவர்கள் அவர்கள்தான். முழுகிய கப்பலின் சீமான்களுக்குத் தேவாலயச் சுவரில் கல் பதித்தார்கள். லஸ்கருக்கு அதுகூட இல்லை.

இந்தக் கப்பல்கள் போனதில் உலகத்துக்கு ஒரு கணக்கு மிஞ்சியது. அதைப் போட்டவர் வில்லியம் ரீட் என்ற ராணுவ எஞ்சினியர். 1831-ல் பார்படோஸ் தீவைப் புயல் துடைத்துவிட்டுப் போனபின், இடிந்த அரசுக் கட்டடங்களைத் திரும்பக் கட்ட அவரை அனுப்பினார்கள். கட்டடத்தைவிட அவருக்கு இடித்த காற்றின் மேல் ஆர்வம் வந்துவிட்டது. அமெரிக்காவில் ரெட்ஃபீல்ட் என்பவர் 1821 புயலுக்குப் பிறகு கனெக்டிகட்டில் ஊர் ஊராக நடந்து, விழுந்த மரங்கள் ஓரிடத்தில் வடமேற்கே தலைவைத்தும் இன்னோரிடத்தில் தென்கிழக்கே தலைவைத்தும் கிடப்பதைக் கண்டிருந்தார். காற்று நேராக அடித்திருந்தால் அப்படி விழாது. அது சுற்றியிருக்க வேண்டும்.

கடலில் மரம் இல்லை. ஆனால் தப்பிய கப்பல்களின் லாக்புத்தகங்கள் இருந்தன. எத்தனை மணிக்குக் காற்று எந்தத் திசை, பாய் எத்தனை, கப்பல் எங்கே என்று மணிக்கணக்காக எழுதிவைப்பது கடற்படை வழக்கம். உயிர் போகிற புயலிலும் யாரோ ஒருவர் மையைத் தொட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார். ரீட் இவற்றைத் தேடி வாங்கினார். கல்லோடன் கூட்டத்தின் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே நேரத்தில் வெவ்வேறு கப்பல்களுக்குக் காற்று வெவ்வேறு திசையிலிருந்து அடித்திருந்தது. புள்ளிகளை வரைபடத்தில் இட்டால் வட்டம் வந்தது. வடக்குக் கடலில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் புயல், தெற்குக் கடலில் முள் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது என்பதும் துலங்கியது. 1838-ல் இதை அவர் புத்தகமாக்கினார். சூறை என்ற சொல்லுக்குச் சுழல்காற்று, கொள்ளை என்ற இரண்டு பொருளையும் வைத்த தமிழுக்கு இது ஒருவேளை பெரிய செய்தியாக இருந்திராது. ஆனால் பாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் கேப்டனுக்கு இது உயிர் மருந்து.

ஏனென்றால் புயலில் சிக்கிய கேப்டன் இயல்பாகச் செய்வது, காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடுவது. காற்று நேராகப் போகிறது என்று நினைத்து அவன் ஓடுகிறான். காற்றோ வட்டம் போடுகிறது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸிலிருந்து கிளம்பிய சார்லஸ் ஹெடில் என்ற கப்பல் இப்படி ஐந்து நாள் ஓடியது. ஆயிரம் மைலுக்கு மேல் ஓடியும், முடிவில் பார்த்தால் செக்குமாடு மாதிரி புயலின் கண்ணையே ஐந்து தடவை சுற்றியிருந்தது. அந்த லாக்புத்தகத்தை ஆராய்ந்தவர் கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரித்துவந்த ஹென்றி பிடிங்டன். பாம்பு சுருண்டதுபோன்ற அந்தப் பாதையைப் பார்த்து, கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து சைக்ளோன் என்ற பெயரை ஆக்கினார். இன்று உலகம் முழுவதும் வானிலை அறிக்கையில் ஒலிக்கும் அந்தச் சொல் கல்கத்தாவில் பிறந்தது.

1848-ல் அவர் மாலுமிகளுக்கென எழுதிய கைநூலுடன் கொம்பைச் சீவிச் செய்த, மறுபுறம் தெரியும் மெல்லிய தகடுகள் சேர்த்துக் கொடுத்தார்கள். தகட்டில் வட்டங்கள், வட்டத்தின் மேல் காற்றின் திசையைக் காட்டும் அம்புகள். கப்பல் நிற்கும் புள்ளியின் மேல் தகட்டை வைத்து, இப்போது அடிக்கிற காற்றோடு பொருந்தும் அம்பு வரும்வரை நகர்த்த வேண்டும். பொருந்தியதும் வட்டத்தின் நடுப்புள்ளி வரைபடத்தில் எங்கே விழுகிறதோ அங்கேதான் புயலின் கண். அதைவிட்டு எந்தப் பக்கம் விலகுவது என்று கேப்டன் பார்த்துக்கொள்ளலாம்.

தகடுகள் இரண்டு. வடக்குக் கடலுக்கு ஒன்று, தெற்குக் கடலுக்கு ஒன்று. மதராஸிலிருந்து முனைக்குப் போகும் கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் முதல் தகட்டை உள்ளே வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ள வேண்டும்.