கல்யாணத்தை விட்டு மேடையேறிய பிடில்

டேவிட் ஆலன் 1780-ல் வரைந்த, ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதிக் கல்யாண ஓவியத்தில், ஆடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடில் வாசிக்கிறார் நீல் கோ. கூடவே செல்லோவில் அவர் சகோதரர் டொனால்ட்.

பெர்த்ஷையரின் இன்வர் கிராமத்துக்காரர் கோ (1727–1807). அவரது வில்லின் மேல்வீச்சைத்தான் அந்தக் காலத்தவர் வியந்து பேசினார்கள். பொதுவாக வில்லைக் கீழே இழுக்கும்போது அழுத்தம் விழும், மேலே தள்ளும்போது நாதம் மெலியும். கோவின் வில்லுக்கு இரண்டு பக்கமும் வலு உண்டு. ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஆட்ட மெட்டின் நடைக்கு அதுதான் உயிர்நாடி. வெட்டி விழும் குறுகிய ஸ்வரம், அதன் தோளிலேயே ஏறி நீளும் அடுத்த ஸ்வரம். அந்த வெட்டில்தான் ஆடுபவரின் கால் எழும்பும்.

இன்று ஸ்காட்லாந்துக் கல்யாண வரவேற்புகளில் ஸ்ட்ராத்ஸ்பேயைக் கேட்பது அரிது. அக்கார்டியனும் டிரம்ஸுமாக, ‘கெய்லி’ என்ற கூட்டாட்டத்துக்கு வாசிக்கும் குழு வருகிறது. ‘ஸ்ட்ரிப் தி வில்லோ’ ஆட்டம் என்றால் ஆடத் தெரியாத விருந்தாளியும் சுழன்றுவிடலாம். ஸ்ட்ராத்ஸ்பேக்குப் பழகிய கால் வேண்டுமே!

முன்பு கல்யாணமும் ஆட்டமும் பிரியாதவை. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, நம் மொய் போல, நடத்திய ‘பென்னி கல்யாணங்க’ளில் கூத்து மிஞ்சுகிறது என்று 1645-லேயே ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பேரவை கட்டுப்பாடு விதித்தது. அவை ஓயவில்லை. ஷெட்லாந்து தீவுகளில் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் பிடில்காரர் வாசித்தபடி நடப்பார். மணப்பெண் நடைக்கென்றே தனி மெட்டுகள் இருந்தன. டாம் ஆண்டர்சன் (1910–1991) தீவு மெட்டுகளைத் தேடித்தேடிச் சேகரித்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் இல்லையென்றால் எத்தனையோ மண்ணோடு போயிருக்கும்.

ஸ்காட்லாந்து அரசுப் பள்ளிகளில் 2021 முதல் வாத்தியப் பயிற்சிக்குக் கட்டணமே இல்லை, பிறகென்ன கவலை என்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் யாருக்காக வாசிக்கப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. போட்டி நடுவருக்கும் கச்சேரி ரசிகருக்கும் மட்டும் என்றால், எதிரே ஆடும் கால் இல்லை. ரீல் என்ற துரித ஆட்ட மெட்டு தறிகெட்டு வேகமெடுக்கிறது, விரல் வேகத்துக்குக் கைதட்டல் விழுகிறது. ஸ்ட்ராத்ஸ்பேயோ இழுபட்டு, கேட்க அழகான, ஆட முடியாத உருப்படியாகிவிடுகிறது. ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) காலத்திலேயே தொடங்கிய போக்கு இது. நடன ஆசிரியராக இருந்த அவரே, கேட்பதற்கென்று ஸ்ட்ராத்ஸ்பேக்கள் இயற்றினார்.

பிடில் வகுப்பிலேயே ஆட்டத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கல்யாண வீட்டாரும் குழுவிடம் ஒரு ஸ்ட்ராத்ஸ்பேயாவது கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.